பிள்ளையைப் பள்ளியில் அடித்துவிட்டார்களா? முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியதும் அதற்குப் பிறகும்

என் மகன் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒரு புதன்கிழமை சாயந்திரம் பள்ளியிலிருந்து வந்தவன் பேண்ட்டைக் கழற்றவே மாட்டேன் என்றான். குளிக்கச் சொன்னால் "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிப் போட்டான். தூங்கிய பிறகு பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்தேன். இடது கெண்டைக்காலில் மூன்று வரிகள். ஒவ்வொன்றும் நடுவில் வெளுத்து, இரண்டு ஓரத்திலும் ரத்தம் கட்டி, ரயில் தண்டவாளம் போல ஓடியது. எழுப்பிக் கேட்டேன். "சைக்கிள்ல விழுந்துட்டேன்மா" என்றான்.

அன்றிரவு தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன். மறுநாள் காலையில் நேராகப் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். தலைமை ஆசிரியர் உட்கார வைத்து, "நான் கண்டிச்சு வைக்கிறேன்மா, நீங்க கவலைப்படாம போங்க" என்றார். நம்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே ஆசிரியர் அதே வகுப்பில் இன்னொரு பையனை அடித்தார். அதன் பிறகுதான் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். "டாக்டர் சீட்டு இருக்கா? பள்ளிக்கு எழுதிக் கொடுத்தீங்களா? போட்டோ இருக்கா?" என்று கேட்டார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த மங்கலான போட்டோ ஒன்றுதான் இருந்தது. காலில் அதற்குள் மஞ்சள் கறை போல ஏதோ மிச்சம். அங்கிருந்து ஒரு முடிவுக்கு வர நான்கு மாதம் அலைந்தேன்.

அந்த அலைச்சலில் பாதி, முதல் இரண்டு நாளில் நான் செய்யாமல் விட்டவற்றால் வந்தது. பிள்ளையின் உடம்பில் இருக்கும் தடம் சில நாளில் மறைந்துவிடும். அது மறைவதற்குள் காகிதத்துக்கு வந்துவிட வேண்டும். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பொருந்தும். நான் வழக்கறிஞர் இல்லை, அலைந்து கற்றதைச் சொல்கிறேன்.

1. அடிக்க அனுமதியே இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"பையன் நல்லதுக்குத்தானே அடிச்சாரு" என்று பள்ளியும் சொல்லும், சொந்தக்காரர்களும் சொல்வார்கள். அதற்குள் நீங்கள் தளர்ந்துவிடக் கூடாது. அதனால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமானது. "உங்க பொண்ணு பதினொன்னாவது, அவளுக்கு அந்தச் சட்டம் கிடையாது" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இலேயே திருத்தப்பட்டு அடிக்கும் அனுமதி எடுக்கப்பட்டுவிட்டது. 18 வயது வரை இளைஞர் நீதிச் சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 75ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமைக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குழந்தையின் பராமரிப்பை ஒப்படைத்த நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி "எங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது" என்று சொன்னால், 2014இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பு தந்தது உண்மைதான். ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்திலிருந்து எந்தப் பள்ளிக்கும் விலக்கு இல்லை. மனுவில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இங்கே ஒரு தவறு பலரும் செய்கிறார்கள், நானும் என் முதல் மனுவில் செய்தேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் "உடல்ரீதியான தண்டனை" என்றே தலைப்பு இருப்பதால் அதை எழுதிவிடுகிறோம். அது குழந்தைகள் இல்லங்களுக்கான பிரிவு. பள்ளிக்கு 75ஐ எழுதுங்கள்.

பிரம்படி மட்டும் தண்டனை இல்லை. முட்டி போட வைப்பது, வெயிலில் நிற்க வைப்பது, காதைத் திருகுவது, நூறு தோப்புக்கரணம், டஸ்டரை எறிவது, எல்லார் முன்னாலும் மட்டமாகப் பேசுவது எல்லாமே இதில் வரும்.

அப்புறம், "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று நம் ஊர்ப் பெற்றோர் சேர்க்கையின்போது சொல்வது உண்டு. என் மாமனார் என் மகனைச் சேர்த்தபோது சொன்னார். பள்ளியில் அதை ஞாபகமாக என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். சேர்க்கைப் படிவத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் சரி, வீட்டுப் பெரியவர் வாயால் சொல்லியிருந்தாலும் சரி, சட்டம் தடுத்த ஒன்றுக்கு அது அனுமதி ஆகாது. நீங்களே அப்படிச் சொல்லியிருந்தாலும் இன்று புகார் கொடுக்கலாம்.

2. பிள்ளையிடம் ஒரே ஒரு முறை, நிதானமாகக் கேளுங்கள்

"யாரு அடிச்சா? அந்த சார்தானே? எத்தனை அடி?" என்று அடுக்காதீர்கள். "என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "நீ என்ன பண்ணினே?" என்ற கேள்வியை அன்று தவிர்த்துவிடுங்கள். என் மகன் சைக்கிள் கதை சொன்னதற்குக் காரணம் வீட்டிலும் அடி விழும் என்ற பயம்தான் என்று பின்னால் தெரிந்தது.

பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். தேதி, எந்தப் பீரியட், எதால் அடித்தார், எங்கே பட்டது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், முன்பும் நடந்திருக்கிறதா என்று வர வேண்டும். நீங்கள் அழகுபடுத்தி எழுதினால், விசாரணையில் பிள்ளை சொல்வதும் அதுவும் ஒத்துப்போகாமல் கஷ்டமாகிவிடும். அழும் பிள்ளையை வீடியோ எடுக்க வேண்டாம்.

3. போட்டோ: அன்றே, மறுநாள், மூன்றாம் நாள்

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இரவு தெரிந்தால் இரவே ஒன்று, காலையில் மறுபடி ஒன்று. ஒரு படத்தில் பிள்ளையின் முகமும் காயமும் சேர்ந்து தெரிய வேண்டும். இன்னொன்று அருகில் போய் எடுத்தது, காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து, அளவு தெரியும்படி. கன்றிப்போன இடம் மறுநாள்தான் இன்னும் கறுத்துத் தெரியும், அதனால் மூன்று நாளும் எடுக்க வேண்டும்.

படத்தை வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்கள் படத்திலிருந்து போய்விடும். மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், பென் டிரைவில் ஒரு நகல் போட்டு வையுங்கள். சட்டை கிழிந்திருந்தால், ரத்தம் பட்டிருந்தால், துவைக்காமல் ஒரு காகித உறையில் எடுத்து வையுங்கள்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ஆத்திரத்தில் படத்தை ஃபேஸ்புக்கிலோ ஊர்க் குழுவிலோ போட்டுவிடாதீர்கள். புகாரில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகங்களில் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. பள்ளி அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் மீதே திரும்பலாம். அதைவிட, நாளைக்கு அந்தப் படம் உங்கள் பிள்ளையின் நண்பர்கள் கையில் இருக்கும்.

4. அரசு மருத்துவமனை: "விழுந்துட்டான்" என்று சொல்லாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பள்ளியில் அடித்தார்கள் என்று சொன்னதும் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். மருத்துவமனையில் இதை ஏ.ஆர். என்பார்கள். எப்போது, எங்கே, யார், எதால் அடித்ததாகச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் என்ன அளவில் காயம் என்பதெல்லாம் மருத்துவர் கையால் அதில் ஏறும். இதற்குக் கட்டணம் இல்லை. ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

அங்கே "போலீஸ் கேஸ் ஆகிடும்மா, பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். பயந்துபோய் "மாடிப்படியில விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டால் அதுவும் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு எந்த மேசைக்குப் போனாலும் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும்தான். அதனாலேயே பெரிய வழக்காகிவிடாது.

பிரம்பு பட்ட தடத்தை மருத்துவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நான் மேலே சொன்ன அந்தத் தண்டவாளக் கோடு, தடி போன்ற உருண்டையான பொருள் வேகமாகப் பட்டால் வருவது. சைக்கிளில் விழுந்தால் சிராய்ப்பு வரும், இப்படி இணைக்கோடு வராது. இரண்டாவது நாளே போயிருந்தால் என் மகன் விஷயத்தில் அது காகிதத்தில் இருந்திருக்கும்.

தனியார் மருத்துவமனைக்குத்தான் போக முடிந்தது என்றால், சீட்டில் காயத்தின் இடமும் அளவும் அடித்ததாகச் சொன்னதும் எழுதி வாங்குங்கள். "வலி மாத்திரை" என்று மட்டும் எழுதிய சீட்டு எதற்கும் உதவாது.

இவை இருந்தால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம்: கன்னத்தில் அல்லது காதில் அறைந்து காது அடைப்பது, இரைச்சல் கேட்பது (செவிப்பறை கிழிந்திருக்கலாம்), தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், கண்ணில் பட்டது. நிறைய தோப்புக்கரணமோ ஓட்டமோ தண்டனையாகக் கொடுத்து, மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் வந்தால் உடனே போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. வெறும் கால் வலி என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

5. பள்ளிக்கு வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போதே இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதி, கையெழுத்து, பள்ளி முத்திரை வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்கம்மா, பாத்துக்கறேன்" என்றால் கையெழுத்து இல்லாமல் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். பள்ளிக்கு மின்னஞ்சல் இருந்தால் அதிலும் ஒன்று.

மனு ஒரு பக்கம் போதும். நான் மூன்றாவது முறை எழுதியதை வைத்து ஒரு மாதிரி:

"என் மகன் (பெயர்) தங்கள் பள்ளியில் 7ஆம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கிறான். (தேதி) அன்று மூன்றாம் பீரியடில் (ஆசிரியர் பெயர், பாடம்) வீட்டுப்பாடம் முடிக்காததற்காக அவனைப் பிரம்பால் இடது கெண்டைக்காலில் மூன்று முறை அடித்ததாக என்னிடம் கூறினான். காயத்தின் படங்களும் மருத்துவச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். இது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17க்கும் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75க்கும் எதிரானது. (1) எழுத்துப்பூர்வமாக விசாரித்து முடிவைத் தெரிவிக்கவும். (2) விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் என் மகனின் வகுப்புக்கு வராமல் மாற்று ஏற்பாடு செய்யவும். (3) அன்றைய சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாக்கவும். (4) புகார் காரணமாக என் மகனிடம் எந்தப் பாகுபாடும் காட்டக் கூடாது."

மூன்றாவது கோரிக்கையை முதல் நாளே எழுதுங்கள். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். நான் கேட்டபோது அழிந்து போயிருந்தது. எழுத்தில் கேட்ட பிறகு அழிந்தால், அதற்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். தலைவரும் உங்களைப் போன்ற ஒரு தாய்தான்.

அதே வகுப்புப் பெற்றோர் யாராவது சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்குக் கனம் கூடும். ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள், மனு கொடுக்கும் அன்று இரண்டு பேர்தான் வந்தோம். வராதவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பிள்ளைகளும் அங்கேதானே படிக்கிறார்கள்.

6. 1098, 14417: அழைத்தால் எண் வாங்காமல் வைக்காதீர்கள்

1098 குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். உங்கள் பிள்ளையே கூட அழைக்கலாம். அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போய், ஆள் வந்து பிள்ளையிடம் பேசுவார்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டிலும் புகார் எண்ணையும் பேசியவர் பெயரையும் கேட்டு, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

எனக்கு இந்த இரண்டில் அதிகம் உதவியது 1098. வீட்டுக்கு வந்த பெண் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகனோடு தரையில் உட்கார்ந்து பேசினார். எனக்குச் சொல்லாத இரண்டு சம்பவங்களை அவரிடம் சொன்னான்.

7. கல்வித் துறைக்கு மனு

பள்ளிக்குக் கொடுத்த அன்றோ மறுநாளோ இதையும் செய்துவிடுங்கள். பள்ளி பதில் சொல்லட்டும் என்று நான் மூன்று வாரம் காத்திருந்தது வீண்.

மனுவை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அதாவது சி.இ.ஓ.வுக்கு எழுதுங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. இந்த டி.இ.ஓ.க்களில் தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருக்கிறார்கள். மெட்ரிக் பள்ளிப் புகாரை இடைநிலை டி.இ.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்று கேட்க இரண்டு முறை பேருந்து ஏறினேன். அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்று. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றாலும் சி.இ.ஓ.வுக்குக் கொடுத்துவிட்டு, வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

எல்லா இடத்திலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தபால் பிரிவில் ஐந்து நிமிட வேலை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது தருவார்கள், அது சி.இ.ஓ. அலுவலகத்துக்கே திரும்பி வந்தாலும் பதில் சொல்ல வேண்டிய காகிதமாக வரும். எங்கள் விஷயம் நகர ஆரம்பித்தது அப்படித்தான். அங்கே வாசலில் மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள், "நோட்டரி போடணும், அஃபிடவிட் வேணும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளைத்தாளில் கையால் எழுதிய மனுவே போதும்.

காலக்கெடு: கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, எழுத்தில் கொடுத்த குறையை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு சென்னையில் இருக்கும் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு. ஆணையத்துக்கு முதலிலேயே ஒரு நகல் அனுப்பலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆணையம் அறிக்கை கேட்டால் அலுவலகத்தில் கோப்பு வேகமாக நகர்கிறது.

விசாரணைக்குப் பிள்ளையை அழைத்தால் நீங்கள் கூடப் போங்கள். அடித்த ஆசிரியர் முன்னால் நிறுத்திக் கேட்கக் கூடாது என்று முந்தைய நாளே எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு நடந்த முதல் விசாரணை தலைமை ஆசிரியர் அறையிலேயே நடந்தது, அந்த ஆசிரியர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். என் மகன் தலையைக் குனிந்து "ஞாபகம் இல்லை" என்றான். இரண்டாவது முறை குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதிகாரி இருக்கும்போது வேறு அறையில் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னான்.

8. காவல் நிலையம் எப்போது

இதில் என் கருத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ சட்டப்படி அது கொடுங்காயம். காது, கண், தலை பாதித்தாலும் அன்றே காவல் நிலையம். பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், அந்த வார்த்தையை அப்படியே புகாரில் எழுதுங்கள். பாலியல் ரீதியாகத் தொட்டிருந்தால் அது வேறு விஷயம், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்). அதில் பள்ளியோடு பேச்சே வேண்டாம், நேராகக் காவல் நிலையம் அல்லது 1098. மற்றபடி தழும்பு அளவிலான காயத்துக்குக் கல்வித் துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் முதலில் போதும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கேளுங்கள். மனு வாங்கியதும் புகார் வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், அது வழக்குப் பதிந்ததைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லை. பலர் சி.எஸ்.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நடப்பதாக நினைத்துக் காத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பிறகு நீதித்துறை நடுவர் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் வக்கீல் வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். தொலைபேசி 15100.

9. சமரசம் பேசக் கூப்பிடுவார்கள்

நிச்சயம் கூப்பிடுவார்கள். வார்டு கவுன்சிலர், பள்ளித் தாளாளருக்கு வேண்டியவர், உங்கள் வீட்டுக்காரரின் முதலாளி என்று யார் வழியாகவும் வரலாம். பேசுவது தவறில்லை. தனியாகப் போகாதீர்கள். புகாரை வாபஸ் பெறுவதாக அவர்கள் அச்சடித்து வைத்த காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "பையன் பொய் சொல்லிவிட்டான்" என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருக்கும். எங்களுக்கு நீட்டிய காகிதத்தில் நான்காவது வரியில் இருந்தது.

பணமோ கட்டணச் சலுகையோ கேட்காதீர்கள். கேட்டால் புகாரே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். நான் கேட்டவை: ஆசிரியர் அந்த வகுப்புக்கு வரக் கூடாது, எல்லா வகுப்பிலும் உள்ள பிரம்புகளை எடுக்க வேண்டும், இனி யாரும் அடிக்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் எழுத்தில் தர வேண்டும், வகுப்பைக் கட்டுப்படுத்துவது பற்றி அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கடைசிக் கோரிக்கையைச் சும்மா சேர்க்கவில்லை. அந்த ஆசிரியர் ஐம்பத்து மூன்று பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருந்தார். அடிக்காமல் அவர்களை அமைதிப்படுத்த அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் வேலை போக வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

10. "டிசி கொடுத்துடுவாங்களே"

எல்லாருக்கும் இருக்கும் பயம் இது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே மாற்ற நினைத்தால், கேட்டவுடன் டிசி தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் எட்டு வரை புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டண பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது.

பத்து, பன்னிரண்டு என்றால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் பயம் வரும். புகார் கொடுத்த தேதிக்கு முந்தைய எல்லா மதிப்பெண் பட்டியலையும் நகல் எடுத்து வையுங்கள். திடீரென்று சரிந்தால் காட்ட உதவும்.

11. எனக்கு ஆன செலவும் நாளும்

மருத்துவமனை, மனுக்கள், 1098, ஆணையம் எதற்கும் கட்டணம் இல்லை. ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட், தபால் எல்லாம் சேர்த்து எனக்கு 700 ரூபாய்க்குள் முடிந்தது. உண்மையான செலவு விடுப்புதான். ஒன்பது முறை அரை நாள் விடுப்பு எடுத்தேன், அதில் ஆறு முறை சம்பளம் பிடித்தார்கள். முதல் வாரத்துக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல விடுப்பு எடுத்துவிட்டால் மருத்துவமனை, பள்ளி, சி.இ.ஓ. அலுவலகம் மூன்றையும் முடித்துவிடலாம். சி.இ.ஓ. அலுவலகத்துக்குக் காலை பத்தரைக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் ஆய்வுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

எல்லா ஒப்புகையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில் இருக்கட்டும். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

12. என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்

விசாரணை முடிந்தாலும் முடிவை உங்களுக்குத் தானாக அனுப்ப மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் சி.இ.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். தனியார் பள்ளி என்றாலும் அதைப் பற்றிய கோப்பு அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது. விசாரணை அறிக்கையின் நகல், எடுத்த நடவடிக்கையின் உத்தரவு நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். அரசு ஆசிரியர் என்றால் 17 ஏ அல்லது 17 பி குறிப்பாணை (அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிப்படி கொடுப்பது) கொடுத்தார்களா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.

அதோடு இன்னொன்றையும் கேளுங்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அடுத்து, தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றும்படி பள்ளிக் கல்வித் துறை பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் உடல்ரீதியான தண்டனையைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும், அதில் பெற்றோரும் இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதல். உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் பள்ளியில் நான் கேட்ட பிறகுதான் அமைத்தார்கள், பெற்றோர் தரப்பில் என்னையும் போட்டார்கள்.

அந்தக் குழுவில் நான் முதலில் பார்த்தது புகார்ப் பெட்டியை. தலைமை ஆசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தார்கள், சாவி அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை. பெட்டியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றச் சொன்னோம். அங்கே பிள்ளைகள் எப்படியும் நிற்பார்கள், யார் போடுகிறார்கள் என்று தெரியாது. சாவி இப்போது பெற்றோர் ஒருவரிடம் இருக்கிறது. முதல் வாரம் பதினோரு சீட்டு இருந்தன.